குழாயைப் பிடித்தது யார்?

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘புலம்பல்’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் “என்னடா?” என்று திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக ஒரு மனுஷர் ஒரே விஷயத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

அவர் புலம்பியதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்டால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும். காலை எட்டு மணிக்கு நிலையத்துக்குள் போனால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வரலாம். அப்புறம் இரண்டு நாள் வீடு. அதுவரைக்கும் சரி. ஆனால் உள்ளே இருக்கிற நேரம் முழுவதற்கும் சம்பளம் கிடையாது. ராத்திரி படுக்கிற நேரத்தை ‘ஓய்வு’ என்று கழித்துவிடுவார்கள். அது எப்பேர்ப்பட்ட ஓய்வு! வண்டிக்குப் பக்கத்திலேயே இரும்புக் கட்டில். தலைக்கு மேலே மணி. உடுப்பைக் கழற்றாமல் படுக்க வேண்டும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தாலும் நகர முடியாது.

“ஓய்வாம், ஓய்வு! ஜெயில்ல இருக்கிறவனும்தான் படுத்துக் கிடக்கான். அவனைப் போய் ஓய்வுல இருக்கான்னு யாராவது சொல்வாங்களா?” என்பார் புலம்பல்.

ஓவர்டைம் கதை அதைவிடக் கூத்து. எட்டு மணிக்கு மேலும் வண்டி வெளியில் நின்றால் ஓவர்டைம் உண்டு. ஆனால் வண்டி கேட்டுக்குள் நுழைந்த நொடியோடு கணக்கு நின்றுவிடும். நுழைந்த பிறகு குழாயை எல்லாம் இழுத்துப் போட்டுக் கழுவ வேண்டும், உலர்த்தத் தொங்கவிட வேண்டும், தொட்டியை நிரப்ப வேண்டும், கரியும் சேறுமாக இருக்கிற உடுப்பை அலச வேண்டும். அதெல்லாம் வேலை இல்லையாம். அது போதாதென்று, கூடுதல் நேரம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் ஸ்வாகா. இந்த விதியை எழுதிய புண்ணியவான் தன் வாழ்நாளில் ஒரு வாளித் தண்ணீரையாவது தூக்கியிருப்பானா என்பது புலம்பலின் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் அவர் புலம்பியதெல்லாம் நிலையத்துச் சமையலறையிலும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும்தான். தலைமை அலுவலகத்தில் இருந்து யாராவது வந்தால் “வணக்கம் சார், ஒரு குறையும் இல்ல சார்” என்று சொல்லிவிட்டுக் கழுவின வண்டியையே திரும்பக் கழுவப் போய்விடுவார். “இங்க புலி, அங்க பூனை” என்று அவர் மனைவி அடிக்கடி சொல்லிக்காட்டுவாள். அவருக்குக் கோபம் வரும். ஆனாலும் மறுக்க மாட்டார்.

அவருக்கு நேர் எதிர் சேவல். அவரைவிட எட்டு வயது சின்னவன், அவருடைய தங்கையைக் கட்டியவன். இவர் டியூட்டி முடிந்து இறங்கும்போது அந்த இடத்தில் ஏறுபவன் அவன்தான். எட்டு மணி டியூட்டிக்கு ஏழே காலுக்கெல்லாம் வந்து நிற்பதால் ‘சேவல்’ என்று பெயர் வந்தது. யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் ஒரு குறை சொல்ல மாட்டான். “சம்பளம் வருதுல்ல மச்சான், விடுங்க” என்பான். அதைக் கேட்டாலே புலம்பலுக்கு வயிறு எரியும்.

அவன் சீக்கிரம் வருவதில் ஒரு காரணம் இருந்தது. ஐந்து பேர் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் அடுத்த ஆள் வந்து சேராமல் யாரும் கிளம்ப முடியாது. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்துவிட்டால் போச்சு. ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன் மத்தியானம் வரைக்கும் நெருப்பு முன்னால் நிற்க வேண்டியதுதான். தூக்கக் கலக்கத்தில் ஏணியில் ஏறுகிறவன் என்ன ஆவான் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர்களே தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அடுத்த ஆள் முன்கூட்டியே வருவான். வண்டிக் கதவுக்குக் கீழே, சட்டென்று காலை விட வசதியாக நிற்க வைத்திருக்கும் பழைய ஆளின் பூட்ஸை எடுத்து ஓரமாக வைப்பான். அந்த இடத்தில் தன் பூட்ஸை வைப்பான். “நான் இருக்கேன், நீங்க போங்க” என்பான். அவ்வளவுதான், கை மாறிவிட்டது. அதற்குப் பெயர் பூட்ஸ் மாற்றுவது.

நிலைய அதிகாரிக்கு இது தெரியும். அவரும் இளவயதில் பூட்ஸ் மாற்றியவர்தான். ஆனால் எங்கேயும் எழுத்தில் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் ஐந்து பெயர்த் தகடுகள் தொங்கும். அவற்றை எட்டு மணிக்குத்தான் மாற்றுவார்கள். ஆக, தினமும் காலையில் கொஞ்ச நேரம், பூட்ஸ் ஒருவனைச் சொல்லும், பலகை வேறொருவனைச் சொல்லும். பல வருஷம் இப்படித்தான் ஓடிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குக் காலையிலும் சேவல்தான் முதலில் வந்தான். மற்ற நாலு பேருக்கு மாற்று ஆள் இன்னும் வரவில்லை. புலம்பல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று அழைப்பு.

“மச்சான், பூட்ஸ் மாத்திட்டேன். கிளம்புங்க. முகத்தைப் பார்த்தா பேய் அடிச்ச மாதிரி இருக்கு” என்றான் சேவல்.

“சம்பளத்தைப் பார்த்தா பேயே பயந்து ஓடும்டா” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் சைக்கிளை எடுத்தார். “சாயந்தரம் வீட்டுக்குப் போன் பண்ணு. உன் பொண்டாட்டி ஏதோ பாத்திரம் கேட்டாளாம்.”

“சரி மச்சான்.”

வீடு பக்கத்திலேயேதான். போய்ச் சேர்ந்ததும் குளிக்கப் போனார். தலை நிறையச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி குளியலறைக் கதவை இடித்தாள்.

“என்னங்க! சீக்கிரம் வாங்க! தம்பிக்கு அடிபட்டிருச்சாம்!”

“எந்தத் தம்பிக்கு?”

“உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்குங்க!”

புலம்பல் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மணி அடித்திருக்கிறது. மெத்தைக் கிடங்கு ஒன்றில் தீ. பஞ்சு, ரப்பர், துணி, சொல்லவா வேண்டும். நிலைய அதிகாரி, ஓட்டுநர், பழைய ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர், புலம்பலின் இடத்தில் சேவல் என்று ஐந்து பேரோடு வண்டி போயிருக்கிறது. கிடங்கின் இரும்பு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, சேவல் அதன் கீழே மண்டியிட்டுக் குழாயின் முனையை உள்ளே நீட்டிப் பிடித்திருக்கிறான். சூட்டில் ஷட்டரின் பிடிப்பு விட்டுவிட்டது. மொத்த இரும்பும் அவன் வலது கையில் இறங்கியது. அப்போது எட்டு மணி ஆகியிருக்கவில்லை.

புலம்பல் சோப்பு நுரையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலில் கிடந்த சேவல் இவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, “மச்சான், காதுல சோப்பு.” புலம்பலுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வழக்கம்போல எரிந்து விழுந்தார். “வாயை மூடிட்டுப் படுடா!”

கையை எடுக்கவில்லை, அந்த மட்டும் பிழைத்தது. ஆனால் எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. விரல்கள் எந்த அளவுக்கு மடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது, மாதக் கணக்கில் ஆகும் என்று டாக்டர் கையை விரித்தார்.

மாதக் கணக்கு என்றால் என்ன, அதற்கு விதி இருக்கிறதே என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டியூட்டியில் அடிபட்டால் குணமாகும்வரை முழுச் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவும் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். இந்த வேலையில் இருக்கிற ஒரே நல்ல விதி அதுதான். அதுவும் வேலை செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சேவலுக்குத் தபால் வந்தது: ‘விபத்து நேர்ந்தபோது தாங்கள் டியூட்டியில் இல்லை. தங்கள் டியூட்டி காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. ஆகவே இதைச் சொந்த உடல்நலக் குறைவாகவே கருத முடியும்.’

கருத முடியுமாம்! மனுஷன் நெருப்புக்கு முன்னால் மண்டி போட்டுக் கையைக் கொடுத்திருக்கிறான், சளிக்காய்ச்சல் வந்தவனைப் போல லீவு எழுதச் சொல்கிறார்கள். அவனுக்கு இருந்த லீவு சீக்கிரமே தீர்ந்தது. அதற்கப்புறம் சம்பளம் நின்றது. கடையில் கல்லாவில் உட்காரும் புலம்பலின் தங்கை காலை வேலையோடு மாலை வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் மாசம் பிறந்தது. புலம்பலுக்குச் சம்பளம் வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. என்னடா இது அதிசயம் என்று சம்பளச் சீட்டை இரண்டு தடவை படித்தார். ‘ஓவர்டைம்: மெத்தைக் கிடங்குத் தீ.’

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ நாள் எட்டு மணிக்கு மேல் நின்றிருக்கிறார். ஒரு தடவையாவது ஓவர்டைம் கேட்காமல் வந்ததா? விளக்கம் கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள், கடைசியில் பாதிதான் வரும். இப்போது முதல் முறையாக, ஒரு பைசா பிடிக்காமல், சொன்ன தேதியில் முழு ஓவர்டைம் வந்திருக்கிறது. எதற்கு? அவர் வீட்டில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது எரிந்த தீக்கு. சேவலின் கை போன தீக்கு.

நேராக நிலைய அதிகாரியிடம் போனார். அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தெரியாம நடந்து போச்சுப்பா. அன்னிக்கு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அறிக்கை எழுதும்போது வழக்கம் போலப் பலகையைப் பார்த்து அஞ்சு பேரை எழுதிட்டேன். பலகையில உன் பேர்தான் இருந்துச்சு.”

“அப்போ அவன் என்ன, சுவத்துல ஒட்டின பல்லியா?”

“அவனையும் எழுதினேன். முன்கூட்டியே வந்தவன், உதவிக்குக் கூட ஏறினான்னு எழுதினேன். அடிபட்டவனைக் கைவிடவா போறாங்கன்னு நினைச்சேன்.”

“மாத்தி எழுதுங்க.”

“எப்படிப்பா மாத்துறது? பூட்ஸ் மாத்துற விஷயம் வெளிய வந்தா உனக்கு எனக்குன்னு இல்ல, மொத்த நிலையத்துக்கும் ஆப்பு.”

ஓட்டுநரும் அதையேதான் சொன்னார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர். “கெஞ்சிக் கேட்கிறேன் புலம்பல், இத்தனை வருஷம் வாயால புலம்பின மாதிரியே இதையும் புலம்பிட்டு விட்டுடு” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மனுஷர் உண்மையிலேயே பயந்திருந்தார். புலம்பலுக்கும் பயம்தான். டியூட்டி முடியாமல் இடத்தை விட்டுப் போனவன் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? சஸ்பெண்டா, சம்பள வெட்டா? அவர் வீட்டிலும் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

அந்த ஓவர்டைம் பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அதுதான் அவர் செய்த முட்டாள்தனம். கவரை மேசை மேல் வைத்தார்.

“என்ன அண்ணா இது?”

“வச்சுக்கோம்மா. செலவுக்கு ஆகும்.”

“எந்தப் பணம்?”

புலம்பலுக்குப் பொய் சொல்ல வராது. எதையோ மென்று விழுங்கினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுநரின் மனைவி மூலமாக ஏற்கெனவே காதுக்கு வந்த விஷயம்தான்.

“அவர் கை நசுங்கினதுக்கு உன் பேர்ல ஓவர்டைம். அதை நீ கவர்ல போட்டு எனக்குத் தர்ற. நல்லா இருக்குண்ணா. ரொம்ப நல்லா இருக்கு.”

“நான் என்னம்மா பண்ணட்டும்? நானா எழுதினேன்?”

“நீ எழுதல. நீ என்னைக்குமே எதையும் எழுத மாட்ட. சாப்பிட உட்கார்ந்தா மட்டும் கவர்மென்டையே கிழிப்ப. போ, எடுத்துட்டுப் போ. எனக்குப் பிச்சை வேணாம், அவர் அங்க இருந்தார்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்.”

சேவல் உள்ளே கட்டிலில் இருந்து, “ஏய், அவரை ஏன் திட்டுற? விடுங்க மச்சான், அவ கிடக்கிறா” என்றான். இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்று கொண்டிருந்தான். பொத்தான் வழுக்கி வழுக்கிப் போனது. புலம்பல் போய்ப் போட்டுவிட்டார். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டார் போல, சட்டை கோணிக்கொண்டு நின்றது. சேவல் அதைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். விதி, அலுவலகம், பலகை, எவனோ ஒரு மடையன். மனைவி கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

“என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? நானா சம்பளம் போடுறேன்? இதே புலம்பலை அங்க போய்ப் புலம்புங்க. இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்திருக்கீங்கள்ல?”

மறுநாளே போனார். சும்மா போய்விட முடியுமா? வரவேற்பில் ஒருத்தர், மாடியில் ஒருத்தர், “அவர் மீட்டிங்ல இருக்கார்” என்று ஒருத்தர். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கு டியூட்டி. அதற்கடுத்த நாள் போனால் சம்பந்தப்பட்டவர் லீவு. இழுத்தடிப்பது எப்படி என்று தனியாகப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுப்பார்களோ என்னவோ. நெருப்போடு வேலை செய்கிறவர்களுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியும். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வழியாகப் பணியாளர் பிரிவு அதிகாரியின் அறைக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட அம்மா. கடுகடுப்பு இல்லை, உட்காரச் சொன்னார். அதுவே புலம்பலுக்குப் பாதி பலத்தைக் குறைத்துவிட்டது. திட்டத் தயாராகி வந்தவனை உட்காரச் சொன்னால் அவன் எப்படித் திட்டுவான்?

“சொல்லுங்க. ஓவர்டைம் வரலையா?”

“வந்துடுச்சு மேடம். அதுதான் பிரச்சினை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷ வேலையில் அந்தப் புகார் அவருக்குப் புதிது போல.

புலம்பல் எல்லாவற்றையும் சொன்னார். வரிசையாகச் சொல்லவில்லை. பூட்ஸில் ஆரம்பித்து, சோப்புக்குப் போய், ஷட்டருக்கு வந்து, நடுவில் ராத்திரி ஓய்வுக் கணக்கையும் நாலு திட்டுத் திட்டிவிட்டு, திரும்பவும் பூட்ஸுக்கு வந்தார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது புரியுது. ஆனா இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா உங்களுக்குத்தான் கஷ்டம். டியூட்டி நேரத்துல இடத்தை விட்டுப் போனது பெரிய தப்பு. பேசாம ஒண்ணு செய்ங்க. அந்தப் பணத்தை உங்க மச்சானுக்குக் கொடுத்துடுங்க. யாருக்கும் பாதகமில்லை.”

“கொடுத்துப் பார்த்தேன் மேடம். என் தங்கச்சி முகத்துல விட்டெறியாத குறை.”

“சரி. நீங்க வண்டியில போகலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ உங்க பேரை அடிச்சுட்டு, பணத்தைத் திரும்ப எடுத்துக்கறோம்.”

“அடிங்க மேடம், தாராளமா அடிங்க. அவன் பேரை எழுதுங்க.”

“அது முடியாதே. அவருக்கு டியூட்டி எட்டு மணிக்குத்தான் ஆரம்பம். அவரை அந்த இடத்துல எழுத விதியில வழி இல்லை.”

புலம்பலுக்கு உச்சந்தலை கொதித்தது. நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். சமையலறையில் மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் குரல் அந்த அறையில் வந்தது.

“நான் அங்க இல்ல. நான் வீட்ல தலையில சோப்போட நின்னேன். அவனும் அங்க இல்லைன்னு சொல்றீங்க. அப்போ அந்தக் குழாயைப் பிடிச்சது யாரு மேடம்? தானாவே அந்தரத்துல நின்னுச்சா? யாரோ ஒருத்தன் பிடிச்சான்ல? யாரோ ஒருத்தன் கை போச்சுல்ல? அந்த யாரோ ஒருத்தன் பேரை எழுதுங்கன்னுதானே கேட்கறேன்!”

கதவுக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்த அம்மா முன்னாலிருந்த தீ அறிக்கையை இழுத்து விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டார். அதிகாரி, ஓட்டுநர், இரண்டு ஆட்கள். ஐந்தாவது இடத்தில் விரல் நின்றது.

“ரெண்டு பேரையும் எடுத்துட்டா நாலு பேர்தான் போயிருக்காங்க” என்றார் மெதுவாக, தனக்குள்ளேயே பேசுவது போல. “நாலு பேரோட வண்டியை அனுப்பினதா ஆகும். அது எங்க தலையில விழும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். நான் அங்க இல்லைன்னு எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். எழுதியும் தரேன்.”

எழுதித் தந்தார். எழுத்து கோணல் மாணலாக வந்தது. வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

நாலு பேரோடு வண்டியை அனுப்பியதாக ஒத்துக்கொள்வதைவிட, சேவலை அந்த ஐந்தாவது இடத்தில் எழுதுவது அலுவலகத்துக்குச் சுலபமாக இருந்தது. நியாயத்துக்காக எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ‘சிறப்பு நேர்வாக’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு, அன்று காலை அவன் டியூட்டியில் இருந்ததாக ஏற்றுக்கொண்டார்கள். நின்ற சம்பளம் மொத்தமாக வந்தது. தங்கை போன் செய்தாள். “அண்ணா” என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். அன்று இரவு புலம்பல் ஒரு வார்த்தை புலம்பாமல் சாப்பிட்டார். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அலுவலகம் சும்மா விடுமா? கையோடு இன்னும் இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று, இடத்தை விட்டுப் போனதற்காகப் புலம்பலின் சம்பள உயர்வு ஒரு வருஷத்துக்கு நிறுத்தம், ஓவர்டைம் பிடித்தம். இரண்டாவது, இனிமேல் எந்த நிலையத்திலும் மாற்று ஆள் எட்டு மணிக்கு முன்னால் கேட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.

ஓட்டைக் குழாயை ஒட்டச் சொன்னால் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். சீக்கிரம் வருகிறவனையும் டியூட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதானே கேட்டது? அதை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை. நிலையத்தில் கொஞ்ச நாள் யாரும் புலம்பலோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “நல்லா வேலை பார்த்தீங்க புலம்பல்” என்று ஓட்டுநர் மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாராட்டு இல்லை அது.

சேவல் வேலைக்குத் திரும்பியபோது வலது கையின் மூன்று விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. குழாய் பிடிக்க முடியாது. தொலைபேசி அறையில் உட்கார வைத்தார்கள். அழைப்பை எடுப்பது, மணி அடிப்பது, வண்டி போகிற வருகிற நேரத்தையும் போன ஆட்களையும் குறிப்பது, அவ்வளவுதான் வேலை.

திரும்பி வந்த முதல் நாள் காலை. புலம்பல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஏழே காலுக்கெல்லாம் சேவல் வந்து, கேட்டுக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். தோளில் சாப்பாட்டுப் பை. அவனைப் போல இன்னும் இரண்டு பேர் நடைபாதையில் குந்தியிருந்தார்கள். பழக்கம் போகவில்லை, வந்துவிடுகிறார்கள். உள்ளேதான் வரக் கூடாது.

“சேவல் வந்துடுச்சு, ஆனா கூவ விடமாட்டேங்கிறாங்க” என்றார் ஓட்டுநர்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போது மணி அடித்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத ஐந்து பேரும் எழுந்து ஓடினார்கள். புலம்பல் தன் பூட்ஸில் காலை விட்டார். கால் வீங்கியிருந்தது, உள்ளே போக மறுத்தது. வண்டி சீறிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது ஜன்னலில் பார்த்தார். சேவல் பையைக் கீழே போட்டுவிட்டு வண்டியை நோக்கி இரண்டு எட்டு ஓடி வந்திருந்தான். அப்புறம் ஞாபகம் வந்து, அப்படியே நின்றான். அந்த விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் போனது போலப் பாதி மடங்கி நின்றன.

பிளாஸ்டிக் குப்பை மலை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அது லேசில் அணையவில்லை. தூக்கம் கண்ணைச் செருகியது. இரண்டு தடவை புலம்பலின் கால் வழுக்கியது, ஓட்டுநர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வண்டி திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. குழாயைக் கழுவித் தொங்கவிட்டுவிட்டு, கரி அப்பிய முகத்தோடு புலம்பல் தொலைபேசி அறைக்குள் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார்.

சேவல் இடது கையில் பேனாவைப் பிடித்திருந்தான். இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்து எழுதினான். வண்டி போன நேரம், வந்த நேரம், ஆட்களின் பெயர்.

“மச்சான், இங்க ஒண்ணு புதுசாக் கேட்டிருக்காங்க” என்றான். “யார் யார் எந்த இடத்துல நின்னாங்கன்னு தனித்தனியா எழுதணுமாம். நீங்க கேட்டுட்டு வந்ததோட புண்ணியம். குழாயைப் பிடிச்சது யாரு?”

புலம்பல் அவன் கையைப் பார்த்தார். வலது கை மேசை மேல் சும்மா கிடந்தது. திட்ட நினைத்தார், விதியை, அலுவலகத்தை, ஷட்டரை, தன்னை. தொண்டையில் நின்ற புகையைச் செருமித் தள்ளினார்.

“நான்தான்டா” என்றார். “இந்தத் தடவை நான்தான் பிடிச்சேன். எழுது.”

சேவல் தலையைக் குனிந்து மெதுவாக எழுத ஆரம்பித்தான். எழுதி முடிக்கும்வரை புலம்பல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.